கல் ஓரிடம், வலி ஓரிடம்

வணக்கம்.

இந்த உரையைக் கேட்பவர்கள் எனக்காக ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது. அதனால் உங்கள் உடம்பையே படமாக வைத்துக்கொள்வோம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் வலது கையை இடுப்பில் ஊன்றுங்கள். கட்டைவிரல் முன்பக்கம், மற்ற நான்கு விரல்களும் முதுகுப்பக்கம். கையை அப்படியே கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், கடைசி விலா எலும்பு தட்டுப்படும். அந்த விலாவுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உங்கள் நான்கு விரல்கள் இருக்கின்றன அல்லவா? அதற்கு உள்ளேதான் வலது சிறுநீரகம்.

சிறுநீரக வலியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவார்கள். எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர், "நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைப் பார்" என்பார். விரல் நுனியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா, உள்ளங்கையை அகலமாக வைக்கிறாரா, இடுப்பில் தொடங்கித் தொடையிடுக்கு வரை கையை இழுத்துக் காட்டுகிறாரா? மூன்றும் மூன்று வேறு சேதிகள். சிறுநீர்க்கல் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஸ்கேன் எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான்.

சரி, கல் எங்கே இருக்கிறது, வலி எங்கே தெரிகிறது, இரண்டுக்கும் என்ன உறவு? இதுதான் இன்றைய பேச்சு.

தமிழில் இந்த நோய்க்குக் கல்லடைப்பு என்று பெயர். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆங்கிலத்தில் சிறுநீரகக் கல் என்று கல்லின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நாம் அடைப்பையும் சேர்த்துச் சொல்கிறோம். மருத்துவக் கல்லூரியில் ஒரு வாரம் நடத்துகிற பாடம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கல் சும்மா இருந்தால் வலிப்பதில்லை. அடைத்தால்தான் வலிக்கிறது. இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடைத்தால் ஏன் வலிக்கிறது? பலர் நினைப்பது, கல் கூர்மையாக இருக்கிறது, குழாயைக் கீறிக்கொண்டு போகிறது, அதனால் வலி என்று. கீறுவது உண்மைதான். சிறுநீரில் ரத்தம் வருவது அதனால்தான். ஆனால் அந்தப் பெரிய வலி கீறலால் வருவதில்லை. சிறுநீரகம் ஒரு நிமிடம்கூட வேலையை நிறுத்தாது. இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீரை இறக்கிக்கொண்டே இருக்கும். கீழே வழி அடைபட்டால் மேலே தேங்கும், அழுத்தம் ஏறும். சிறுநீரகமும் அதன் மேலே இருக்கும் மெல்லிய உறையும் விரிந்து புடைக்கும். அந்த இழுவிசைதான் வலி. குழாய் வேறு, கல்லைத் தள்ளுவதற்காக இறுகி இறுகி நெளியும். போதாததற்கு, அடைபட்ட சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்கிற ஒரு ரசாயனம் சுரக்கிறது. அது முதல் சில மணி நேரத்துக்கு அந்தச் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைக் கூட்டிவிடும். ரத்தம் கூடினால் சிறுநீர் கூடும், சிறுநீர் கூடினால் அழுத்தம் கூடும். டைக்ளோஃபினாக் மாதிரி ஓர் ஊசி போட்டதும் இந்த வலி சட்டென்று இறங்குவதற்குக் காரணம், அந்த மருந்து புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைக்கிறது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கும் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் அந்த வகை மருந்தே ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது, கல்லைத் தள்ளிவிடலாம் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். அடைபட்ட குழாயில் மேலே இருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும்? கல் நகரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, வலி கூடலாம், பெரும்பாலும் வாந்தியும் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். நிறையக் குடிக்க வேண்டியது வலி இல்லாத நாட்களில்.

இனி பாதைக்கு வருவோம். கையை எடுத்துவிட்டீர்களா? மறுபடி வையுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய ஓர் அடி. உள்ளே இருக்கும் துளை 3, 4 மில்லிமீட்டர்தான். அந்தத் துளையும் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, மூன்று இடத்தில் குறுகும். ஒன்று, சிறுநீரகத்தை விட்டுக் குழாய் புறப்படும் வாசல். இரண்டு, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைத் தாண்டும் இடம். மூன்று, சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழையும் இடம். இந்த மூன்றாவதுதான் இருப்பதிலேயே குறுகல். பிடித்து நிறுத்தப்படும் கற்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் நிற்கும்.

கல் மேலே, வாசலில் அடைத்தால், இப்போது உங்கள் விரல்கள் இருக்கும் இடத்தில் வலி. முதுகின் பக்கவாட்டில், விலாவுக்குக் கீழே. அங்கிருந்து முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும். கூடவே குமட்டல், வாந்தி. சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் போகிற நரம்புகள் ஒரே முடிச்சில் சந்திப்பதால் வருகிற கூத்து இது. பலர் முதலில் அஜீரணம் என்றுதான் நினைக்கிறார்கள்.

கல் கொஞ்சம் இறங்கி நடுக்குழாயில் நின்றால் வலி முன்வயிற்றுக்கு வரும். வலது பக்கம் என்றால் குடல்வால் வீக்கமோ என்று மருத்துவருக்கே சந்தேகம் வரும். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. குடல்வால் அழன்று வயிற்றுக்குள் பரவிவிட்டவர் அசையாமல் படுத்திருப்பார், அசைந்தால் வலி கூடும். கல்லடைப்புக்காரர் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார். எழுவார், உட்காருவார், குனிவார், சுவரில் சாய்வார், தரையில் புரளுவார். எப்படி இருந்தாலும் வலி ஒன்றுதான், ஆனாலும் தேடிக்கொண்டே இருப்பார்.

கல் இன்னும் கீழே இறங்கினால் வலி தொடையிடுக்குக்கும், ஆண்களுக்கு விதைப்பைக்கும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி இதழுக்கும், சிலருக்குத் தொடையின் உள்பக்கத்துக்கும் போகும். கடைசி வாசலில், சிறுநீர்ப்பைச் சுவருக்குள் நின்றுவிட்டால் கதையே மாறிவிடும். முதுகு வலி பின்னால் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிறுநீர் முட்டும், போனால் நாலு சொட்டு, ஆண்குறியின் நுனியில் ஓர் எரிச்சல்.

இதை இவ்வளவு நிச்சயமாக நான் சொல்வதற்குக் காரணம் புத்தகம் மட்டுமில்லை. என் ஐம்பத்திரண்டாவது வயதில் எனக்கே கல் வந்தது.

இரவு இரண்டு மணி. தூக்கத்தில் இடது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. புரண்டு படுத்தேன். அழுத்தம் போகவில்லை. எழுந்து நடந்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. நோயாளிகள் புரளுவார்கள் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏன் புரளுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் பக்கம் சாய்ந்தால் கொஞ்சம் குறையும் என்று உடம்பு சத்தியம் செய்கிறது, சாய்ந்து பார்த்தால் பொய். அடுத்த சத்தியத்தை நம்பி அந்தப் பக்கம் சாய்கிறோம். குளியலறைத் தரையில் சில்லென்று இருக்குமே என்று அங்கே போய்க் குப்புறப் படுத்திருந்தேன். மனைவி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்கதானே இதுக்கு டாக்டர்?" என்றாள். அவளிடம் கேலி ஒன்றும் இல்லை, உண்மையான குழப்பம்.

ஊசி போட்டு வலி அடங்கியது. சி.டி. ஸ்கேன் எடுத்தோம். 4 மில்லிமீட்டர் கல், குழாயின் மேல்பகுதியில். தானாக விழுந்துவிடும் அளவுதான், காத்திருப்போம் என்று முடிவு செய்தோம். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பாதிக்கு மேல் தானாகவே வந்துவிடும். அளவு கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும்.

அடுத்த பத்து நாட்கள் அந்தக் கல் எனக்குள் நடந்து போவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வலி வயிற்றின் பக்கவாட்டுக்கு வந்தது. ஆறாம் நாள் இடது விரையில். ஒன்பதாம் நாள் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சிறுநீர் முட்டிக்கொண்டே இருந்தது. நான்கு நோயாளிகளைப் பார்ப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போனேன். எரிச்சல் வேறு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கிருமித் தொற்று வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு நானே சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டேன். கல் கடைசி வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதே நாளில் வேறொருவர் வந்து இதையே சொல்லியிருந்தால், உட்காருவதற்கு முன்பே கல் கீழே வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருப்பேன். எழுதிய சீட்டை ஆய்வகத்தில் கொடுத்தபோது அங்கிருந்த பெண்தான், "சார், உங்களுக்குக் கல் இருந்ததே, அது இறங்கியிருக்குமோ?" என்றார். மறுநாள் காலை கல் விழுந்தது. நோயாளிகளுக்குச் சொல்வதைப் போலவே நானும் ஒரு வடிகட்டியில்தான் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறத்தில், பச்சைப்பயறை விடச் சின்னதாக ஒன்று கிடந்தது. அந்தக் கல்லுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. கல் மேல்குழாயில் இருக்கும்போதே சிலருக்கு விரை வலிக்கிறது. எங்கோ விலாவுக்குக் கீழே இருக்கும் கல்லுக்கும் விதைப்பைக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் எங்களிடம் வந்தார், இரண்டு வாரமாக விரை வலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரையில் ஒன்றுமே இல்லை. கல் ஒன்றரைச் சாண் மேலே இருந்தது. இதற்குப் பதில் நாம் பிறப்பதற்கு முந்தைய கதையில் இருக்கிறது. கருவில் இருக்கும்போது விரை உருவாவது இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. மேலே, சிறுநீரகத்துக்குப் பக்கத்து வீட்டில். பிறகுதான் மெல்ல இறங்கிக் கீழே வருகிறது. இறங்கும்போது தன் ரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விரையின் நரம்பும் மேல்குழாயின் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே படியில் போய்ச் சேருகின்றன. மூளைக்குக் கிடைப்பது அந்தப் படியிலிருந்து வரும் சேதிதான். உள்ளே இருக்கும் குழாயிலிருந்து வாழ்நாள் முழுக்க அதற்கு எந்தச் சேதியும் வந்ததில்லை. வெளியே இருக்கும் இடங்களிலிருந்துதான் தினமும் வரும். அதனால் வந்த வலியைத் தெரிந்த முகவரியில் சேர்த்துவிடுகிறது.

உள்ளுறுப்பு வலி தோலில் எந்தப் பகுதியில் தெரிகிறது என்று 1893-இல் வரைபடம் மாதிரி வகுத்து எழுதியவர் ஹென்றி ஹெட் என்ற ஆங்கில மருத்துவர். அந்த மனிதருக்கு வலியைப் புரிந்துகொள்வதில் எவ்வளவு வெறி என்றால், 1903-இல் தன் முன்கை நரம்பையே வெட்டிக்கொண்டு, உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று நண்பர் ரிவர்ஸை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துக் குறித்து வைத்தார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. எனக்கு என் 4 மில்லிமீட்டரே போதும்.

இங்கே பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. விரை வலி என்றதும் கல்லாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வளரும் பையன்களுக்குத் திடீரென்று விரை வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். அதே மாதிரி, அறுபது வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த வலி வந்தால், கல் என்று சொல்வதற்கு முன்னால் வயிற்றில் இருக்கும் பெருந்தமனியைப் பார்த்தாக வேண்டும். அது வீங்கிக் கசிந்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும். பெண்களுக்குக் கருக்குழாயில் கரு தங்கினாலும் இப்படி வரலாம். வலி இருக்கும் இடத்தை வைத்துக் கல் எங்கே இருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும். உறுதி செய்வது ஸ்கேன்தான்.

அடுத்து, கல்லின் அளவு. "டாக்டர், இவ்வளவு வலிக்குதே, கல் ரொம்பப் பெரிசா?" என்று கேட்காதவர்களே இல்லை. 3 மில்லிமீட்டர் என்றால் நம்பமாட்டார்கள், ஸ்கேன் எடுத்தவர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்பார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சிலர் தாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் காரம் கடுகில் இல்லை, கடுகு போய் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. அதே 3 மில்லிமீட்டர் கல் சிறுநீரகத்தின் ஒரு மூலையில், எதையும் அடைக்காமல் கிடந்தால் வருடக்கணக்கில் சத்தமே வராது. மான்கொம்புக் கல் என்று ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் உள்அறைகள் எல்லாவற்றிலும் கிளை விட்டு வளர்ந்து, எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே மான்கொம்பு மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வலியும் தெரியாமல் நடமாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசான இடுப்பு நோவு, அடிக்கடி சிறுநீரில் தொற்று, அவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கிறார்கள், சிறுநீரகத்தில் சின்னக் கல் ஒன்று இருப்பதாக அறிக்கை வருகிறது. அன்றிலிருந்து அந்த ஆளுக்கு வரும் முதுகு வலியெல்லாம் அந்தக் கல்லின் கணக்கில் ஏறும். குனிந்து நிமிர்ந்தால் வலி, நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தால் வலி, படுத்தால் சரியாகிவிடுகிறது. ஐயா, நீங்கள் படுத்தீர்களா உட்கார்ந்தீர்களா என்பது கல்லுக்குத் தெரியாது. நிலையை மாற்றினால் மாறுகிற வலி அநேகமாகத் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. இந்த ஒன்றைப் புரிய வைக்க என் தொழில் வாழ்க்கையில் எத்தனை மணி நேரம் செலவழித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓரத்துக் கல் எப்போதுமே வலிக்காது என்று சொல்லமாட்டேன், சிலருக்கு மந்தமாக வலிக்கும். ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடம். வலி நின்றுவிட்டால் என்ன அர்த்தம்?

ஒருவருக்கு மேல்குழாயில் 8 மில்லிமீட்டர் கல். நான்கு நாட்கள் துடித்தார். ஐந்தாம் நாள் வலி நின்றது. கல் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்தார், வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். விழுந்த கல்லை யாரும் பார்க்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தோம், வரவில்லை. வலி இல்லாதவர் எதற்கு வருவார்? எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ பரிசோதனைக்காக ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கல் அதே இடத்தில் இருந்தது. மேலே சிறுநீரகம் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி ஆகிவிட்டது. வேலை செய்யும் சதை ஓரத்தில் மெல்லிய விளிம்பாகத்தான் மிச்சம். அந்த அறிக்கையை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் கேட்டார், "வலியே இல்லையே, சார்?"

ஏன் வலிக்கவில்லை? முதலில் சொன்னேனே, அடைபட்டதும் ரத்த ஓட்டம் கூடுகிறது என்று. அது சில மணி நேரம்தான். அதற்குப் பிறகு அடைபட்ட சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைய ஆரம்பிக்கும். சிறுநீர் உற்பத்தி குறையும், அழுத்தம் தணியும், வலியும் தணியும். கல் போனாலும் வலி நிற்கும். கல் போகாமல் சிறுநீரகம் ஓய்ந்துகொண்டிருந்தாலும் வலி நிற்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதனால் கல்லைக் கண்ணால் பார்க்காதவரை, அல்லது ஸ்கேனில் இல்லை என்று தெரியாதவரை, போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். தானாக விழட்டும் என்று காத்திருப்பதெல்லாம் நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம். அதுவும் இடையிடையே பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். நான் இன்னும் சிறுநீர்ப்பைக் கல்லுக்கே வரவில்லை. என் கல்லைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. சிறுநீர்ப்பையில் இருக்கும் கல், சிறுநீர் கழித்து முடிக்கும் நேரத்தில் குறி நுனியில் வலிக்கும், நீர்த்தாரை நடுவில் சட்டென்று நின்றுபோகும், படுத்தால் வலி குறையும். 1658 மார்ச் 26 அன்று லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்பவருக்கு மயக்க மருந்தே இல்லாத காலத்தில் டென்னிஸ் பந்து அளவுக் கல்லை அறுத்து எடுத்தார்கள். பிழைத்த அவர், வருடா வருடம் அந்தத் தேதியில் விருந்து வைத்துக் கொண்டாட உறுதி எடுத்துக்கொண்டார். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், இன்னொரு நாள் பார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், அதையும் ஒரு வரியில் சொல்கிறேன். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று எண்ண வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியே போகிறதா என்று பாருங்கள். வேறு நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் உங்கள் மருத்துவர் சொன்னபடி நடங்கள்.

இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன்: கல் வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், சிறுநீரே வரவில்லை என்றால், ஒரே சிறுநீரகம் உள்ளவராக இருந்தால், கர்ப்பமாக இருந்தால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் அது வேறு வியாதி, அதற்கு நேரம் கிடையாது.

கல் விழுந்தால் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். கால்சியமா, யூரிக் அமிலமா என்று சோதித்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி தெரியும். என் கல்லை நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? கழுவி எடுக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். விரலிலிருந்து நழுவித் தொட்டித் துவாரத்துக்குள் போய்விட்டது. என்ன வகைக் கல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வணக்கம்.